எண்ணெய்ச் சுவருக்குக் கறுப்பு ஜாயின்ட்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைப்பானேன்? டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், அடுப்பு மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர் எதற்கு என்று என் அம்மாவுக்குப் பாடம் எடுத்தார்.

"அதுக்குப் பேரு பேக்ஸ்பிளாஷ், ஆன்ட்டி. சமைக்கும்போது தெறிக்கும்ல, அதுக்கு."

இருபத்திரண்டு வருடமாக ஊரார் அடுக்களைகளில் அந்தச் சுவரின் டைல்ஸ் இடுக்குகளை நிரப்பி (வேலையிடத்தில் அதற்குப் பேர் ஜாயின்ட் அடிப்பது), துடைத்து, பளிச்சென்று விட்டுவிட்டு வந்தவள் அவள். "அப்படியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டாள். என்னால் கேட்டுக்கொள்ள முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதல் வரிக்கு மூன்று முறை முட்டி மோதினேன்.

'அம்மாவின் விரல்களில் ஒரு காலம் உறைந்து—' வேண்டாம். உறைந்தது சிமென்ட்.

'எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், எங்கள் முதல் சொந்த அடுக்களைக்கு—' சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டுகிற மாதிரி இருக்கிறது. உண்மைதான். இருந்தாலும்.

'பின்தெறிப்புத் தடுப்புச் சுவரானது—'

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, வேலையிடத்தில் அதற்கு என்ன பேர் என்று அம்மாவிடமே கேட்டேன்.

"எண்ணெச் செவுரு."

(ஐந்து வருடம் இலக்கியம் படித்தவளுக்கு இந்தச் சொல் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.)

3

கடையில் நான் கேட்டது ஒற்றைக் கற்பலகை. மேடையிலிருந்து அலமாரிவரை ஒரே துண்டு, இடுக்கே கிடையாது. அழகுக்காகக் கேட்கவில்லை. பட்டம் வாங்கிய அன்று சத்தியம் செய்திருந்தேன்: இனி நீ ஜாயின்ட் பக்கமே போகக் கூடாது, அம்மா. நகக்கண்கள் வெடித்து, என் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் மாட்டக்கூட முடியாமல் தவித்த கை அது.

அம்மா பலகையைத் தட்டிப் பார்த்தாள். நகர்ந்து போய், உள்ளங்கை அளவு வெள்ளை டைல்ஸ் ஒன்றை எடுத்தாள்.

"அது பழைய ஸ்டைல், மேடம்," என்றார் கடைக்காரர், என்னிடம். (அவள் ஆன்ட்டி, நான் மேடம். கவனிக்கவும்.) "இந்த மேட் ஃபினிஷ் பாருங்க. விட்ரிஃபைடு. சொட்டுத் தண்ணி உள்ள இறங்காது."

அம்மா அதை வாங்கி, பின்பக்கம் திருப்பி, நாக்கை வைத்தாள். ஆமாம், நாக்கை. நட்டநடுக் கடையில்.

"ஆன்ட்டி!"

"நாக்கு ஒட்டுது தம்பி. வெறும் மண்ணு, தண்ணி குடிக்கும். விட்ரிஃபைடுன்னா வழுக்கிட்டுல்ல போகும்? முன்னாடியும் சொரசொரன்னு இருக்கு. ஒரே வாரத்துல எண்ணெ ஏறி உக்காந்துக்கும். வந்து தேய்க்கப்போறது நீயா?"

"அப்ப அந்த வெள்ளை மட்டும்?"

"அதுவும் மண்ணுதான். ஆனா பொய் சொல்லல. மூஞ்சி வழவழன்னு இருக்கு, ஒரு தொடப்புல போயிடும்."

முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அரை நொடிதான், ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குப் பின் வந்ததற்குப் பெயர் திமிர். இன்னும் இறங்கவில்லை.

"அதுல எத்தனை ஜாயின்ட்டும்மா!" என்றேன்.

"அதுக்குத்தான்."

4

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தைய பிரதியில் இந்த இடத்தில் அவள் கண் கலங்கியிருந்தாள்.

"நான் எங்கடி அழுதேன்?"

"கதைக்கும்மா."

"கதைக்குன்னா நீ அழு."

(கண்ணீர் நீக்கப்பட்டது.)

5

டைல்ஸ் ஒட்ட வந்தவர் ரசமட்டம் அண்ணன். அம்மாவோடு வேலை பார்த்தவர். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை வைத்துப் பார்க்காமல் நாற்காலியில்கூட உட்கார மாட்டார், அதனால் அந்தப் பெயர். நேற்று ஒட்டி முடித்தார். இடுக்குகள் திறந்து கிடக்கின்றன. நிரப்ப வேறு ஆள் அனுப்பச் சொன்னேன்.

"அக்கா இருக்கிற வீட்டுக்கு ஜாயின்ட் அடிக்க எவன்மா வருவான்? வந்தாலும் கை நடுங்கும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குள் அம்மா கறுப்புப் பொடி வாங்கி வைத்திருந்தாள். வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பு ஜாயின்ட். லேசில் யாரும் துணிய மாட்டார்கள். கோடு மயிரிழை கோணினாலும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும்.

"இத்தனை வருசமா எல்லா வீட்லயும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, ஜாயின்ட் தெரியக் கூடாதுன்னு. தெரியாமத்தான் அடிச்சேன். இது என் செவுரு. தெரியட்டும்."

"கை என்னத்துக்கு ஆகும்?"

"கையுறை வாங்கிக் குடு, போட்டுக்கறேன்."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேம்மா."

"என்னைக் கேட்டா பண்ணின?"

இரண்டு பட்டம் வாங்கிய நான் கதைக்கு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

6

முடிவு ஒன்று: நான் விடவில்லை. எங்கிருந்தோ ஓர் ஆள் வந்து வெள்ளைப் பொடியை அடைத்துவிட்டுப் போகிறார். சத்தியம் நிலைத்தது.

முடிவு இரண்டு: அவள் அடிக்கிறாள். நான் ஈரப் பஞ்சோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருகிறேன்.

முடிவு மூன்று: நான் அவளிடம் கற்றுக்கொண்டு நானே— என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "என் செவுத்தக் கெடுத்துடாத." சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதுகிற கெட்ட பழக்கம் எனக்கு. முடிவு மூன்று நீக்கப்பட்டது.

மிச்சம் இரண்டு. எது என்று என் வாயால் சொல்ல மாட்டேன், நீங்களே தேர்ந்தெடுங்கள். முதலாவதுதான் நியாயம் என்று தோன்றினால், அதை நீங்களே நேரில் வந்து அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள். கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்டூலைச் சுவர் ஓரம் இழுத்துப் போட்டிருக்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். கலவையைக் கரைத்துவிட்டாள், அரை மணி நேரத்தில் இறுகிவிடும்.