ஒன்பதாம் தொட்டியின் மஞ்சள் குஞ்சுகள்

மார்ச் 11, செவ்வாய்

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். ஜனவரி 20 அன்று ஆய்வகத்தில் தொட்டிகளைக் கழுவும்போது ஒரு கடல்நத்தை மேசைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. மூடி இடுக்கு வழியாக ஏறி வந்திருக்கும். இவை தண்ணீரைவிட்டு மேலே ஏறுகிற ஜாதி. பக்கத்தில் ஒன்பதாம் தொட்டி இருந்ததால் அதிலேயே போட்டேன். குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஒன்பதில் இருப்பவை ஆய்வகத்திலேயே பிறந்தவை. மூன்று தலைமுறையாகப் பழுப்பு மட்டும். மேசையின் மறுபுறம் கடற்பாறையிலிருந்து பிடித்து வந்த, மஞ்சளும் கலந்த நத்தைகளின் வாளியும் இருந்தது. அதிலிருந்து வந்ததாகவே இருந்தாலும், ஒன்பதில் உள்ள ஆண்கள் பழுப்புதானே, குஞ்சும் பழுப்பாகத்தான் இருக்கும் என்று அன்று கணக்குப் போட்டேன்.

போன வாரம் ஒன்பதில் நாற்பத்து மூன்று மஞ்சள் குஞ்சுகள். ஆய்வகத்தை நடத்தும் என் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று தலைமுறை ஒளிந்திருந்த நிறம் வெளியே வந்துவிட்டது! வெள்ளிக்கிழமை அறிக்கை போகிறது. நிதி தருபவர்கள் ஏற்றால் ஆய்வு இன்னும் மூன்று வருடம். இல்லையென்றால் ஜூனில் ஆய்வகத்துக்குப் பூட்டு.

நேற்று மாலைக் கல்லூரி வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் சொன்னார்: இந்த ஜாதிப் பெண் நத்தை ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் வைத்திருக்கும். அப்படியானால் அந்தக் குஞ்சுகளின் அப்பா ஒன்பதில் இல்லை, பாறையில் இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அண்ணியின் வண்டியில் வேலைக்குப் போகிறேன், அண்ணியின் அறையில் வேலை செய்கிறேன், அண்ணியின் வீட்டில் சாப்பிடுகிறேன். சொல்லிவிட்டு எழுந்து போக எனக்கென்று ஓர் இடம் இல்லை.

இன்று மூன்று மணிக்கு அவரே வந்தார்.

"என்ன கொழுந்தனாரே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? நத்தை கடிச்சிடுச்சா?"

"அண்ணி, ஒன்பதுல ஒண்ணு வெளிநத்தையா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"உங்க அண்ணன் ஊரெல்லாம் போன் போட்டுப் பீத்திக்கிட்டு இருக்கார், தெரியுமா?"

"தெரியும்."

"நத்தையத் தூக்கிப் போடத் தெரிஞ்ச கைக்கு ஒரு வரி எழுதத் தெரியலையா?"

மூடியின் அடியில் குஞ்சுகள் மஞ்சள் பருக்களாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"குறிப்பேட்டுல எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நான் எழுதாதேன்னு சொன்னா என்ன செய்வே?"

"தெரியல, அண்ணி." உண்மையாகவே தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

தொட்டியின் பக்கம் திரும்பினார். பிறகு பேனாவை மேசைமேல் வீசினார்.

"ஜனவரி இருபதுன்னு போட்டு எழுது. இன்னிக்குத் தேதியையும் போடு. ராத்திரி என்கிட்ட பேசாத. சாப்பாடு மூடி வெச்சிருக்கும்."

எழுதினேன். அறிக்கையிலிருந்து மஞ்சள் குஞ்சுகளைப் பற்றிய நான்கு பக்கங்களை அவர் உருவி எடுத்தார். மிஞ்சிய சில தாள்களை ஒரு சின்ன கிளிப்பில் மாட்டலாம். இதை மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்; எட்டரைக்கு முடியும். அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

நாளை காலை: ஒன்பதாம் தொட்டியின் குஞ்சுகளை எண்ணி, கெடாமல் இருக்க ஸ்பிரிட் புட்டியில் போடுவது. அந்த நத்தையை இப்போது பிரித்தறிய முடியாது; புட்டியின் சீட்டில் எழுத வேண்டியது: தாய் தெரியவில்லை.