ஆட்டத்தின் நடுவே அணைகிற லேப்டாப்

ஊரில் யார் வீட்டு லேப்டாப் மக்கர் செய்தாலும் விசிறிச் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். சொந்த மகளின் லேப்டாப்பிடம் மட்டும் மண்ணைக் கவ்வினார்.

மனைவியைப் பிரிந்து, தன் ரிப்பேர் கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியேறிய பிறகு, அவருக்கென்று மிஞ்சியது மகளோடு ஆடும் சாயங்கால ஆன்லைன் ஆட்டம் ஒன்றுதான். அவர் கடையிலிருந்தும் மகள் அம்மா வீட்டிலிருந்தும் ஒரே அணியில் சேர்ந்து கோட்டை பிடிப்பார்கள். நடுவில் வாய் ஓயாமல் பேசிக்கொள்வார்கள். அதற்கென்றே அந்த கேமிங் லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். இப்போது அதற்கும் கேடு வந்துவிட்டது. ஆட்டம் களைகட்டும் நேரத்தில் அவளுடைய லேப்டாப் பொட்டென்று அணைந்துவிடுகிறது.

கடைக்கு வரவழைத்து விசிறியின் தூசியைத் தட்டினார். சூடு தணிக்க உள்ளே பூசியிருந்த பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். ரேமைக் கழற்றி மாட்டினார். சார்ஜரை மாற்றினார். நாள் முழுக்க விரட்டி விரட்டி ஓட்டியும் அது அசரவில்லை. வீட்டுக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி.

கடையில் ஓடுகிறது, வீட்டில் படுக்கிறது என்றால் வீட்டுக் கரண்டில்தான் கோளாறு, அது தடுமாறும் நொடியில் ஆட்டத்தின் பளுவைப் பேட்டரியால் தாங்க முடியவில்லை என்று முடிவுகட்டினார். மெக்கானிக்கைக் கண்டால் மெஷின் நல்ல பிள்ளையாகிவிடும் என்பது அந்தத் தொழிலின் சாபம். ஆகவே மகளிடம் மூச்சுவிட வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே மாடிப்படி ஓரமாக இருந்த மின்பெட்டியில் வோல்டேஜ் அளக்கும் மீட்டரை மாட்டினார். படியில் உட்கார்ந்து தன் லேப்டாப்பை மடியில் வைத்து, தொண்டை கட்டியிருக்கிறது என்று மெல்லிய குரலில் மகளிடம் புளுகிவிட்டு, கடையிலிருந்து ஆடுகிறவர் போலவே ஆடத் தொடங்கினார். ஒருக்களித்த கதவு வழியாக மகளின் முதுகும் பாதி முகமும் மேசைமேல் லேப்டாப்பும் தெரிந்தன.

கோட்டையை நெருங்கும் சமயம். மகள் கொட்டாவி விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கீபோர்டின் மூலையில் இருந்த பவர் பட்டனை, திரை இருளும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மீட்டரில் எண் இம்மியும் அசையவில்லை.

அவர் போனுக்குச் செய்தி வந்தது. "மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சுப்பா. சாரிப்பா."

அனுப்பிய கையோடு லேப்டாப்பை மறுபடி போட்டு, சிநேகிதிகளைக் கூப்பிட்டு, கலகலவென்று சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவரோடு ஆடும்போது அவள் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது. அவளுக்கு அவர்மேல் வெறுப்பு இல்லை, வெறும் அலுப்புதான். அதை அப்பாவிடம் சொல்ல மனசு வராத பிள்ளை. அந்த நல்ல மனசுதான் அவரைப் போட்டு அறுத்தது.

கதவோரம் நின்ற அம்மாவும் பார்த்துவிட்டாள். "நான் கேக்கட்டுமா அவகிட்ட?" என்றாள்.

"வேணாம். அவ சங்கடப்படுவா."

மறுநாள் அவரே மகளுக்குப் போன் செய்தார். "கண்டுபிடிச்சிட்டேன்மா. கோளாறு என்னோடதுலதான். பழசு இல்லியா, உன்னோடதையும் சேத்து ஆஃப் பண்ணிடுது. நீ உன் ஃப்ரெண்ட்ஸோட ஆடு, ஒண்ணும் ஆகாது."

ஒரு லேப்டாப் இன்னொன்றை அணைக்காது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இத்தனை காலத் தொழிலில் இப்படியொரு பொய்யை அவர் சொன்னதில்லை. அவள் ஏதாவது மறுத்துச் சொல்வாள், வேறு லேப்டாப் வாங்கிக்கோங்கப்பா என்பாள் என்று காத்திருந்தார்.

"அப்போ சாயங்காலம் நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"கடையில வேல தலைக்கு மேல கெடக்கும்மா."

"சரிப்பா" என்றாள். பாரம் இறங்கிய குரல் அது, ஒளிக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம், தான் வந்தது அவளுக்குத் தெரியாதபடி ஆட்டத்தைத் திறந்தார். அவள் ஆட்டத்தில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அவள் பெயருக்குப் பக்கத்தில் எரிந்தது. வழக்கமாக அணைகிற நேரம் வந்தது, கடந்தும் போனது. புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. பெரிய கைராசிக்காரர், ரிப்பேரை முடித்துவிட்டார். கடை ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டு, வாய்விட்டு அழுதார்.