உயரமானியில் நாற்பத்திரண்டு அடி

தயாளனின் மனைவி பூங்கோதை உயரமானியாகிப் பதினோரு நாளாகிறது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன ஜெட் விமானத்தில், கேப்டனான தயாளனின் இருக்கைக்கு எதிரே, பறக்கும் உயரத்தை முள்ளால் காட்டும் ஒரு வட்டக் கண்ணாடிக்குள் அவள் இருந்தாள். கம்பெனியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. “மனைவியா, கருவியா? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்” என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தயாளன் கருவி என்று டிக் செய்தார். மனைவி என்றால் தனி இருக்கை வேண்டுமாம்.

தப்பு அவர் மேல்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து என்ன சொன்னாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், வீடு வரைக்கும் வந்துவிட்டது. “தனியா இருக்க முடியலங்க” என்றாள் ஒருநாள். “தனியா இருக்க முடியல” என்று திருப்பிச் சொல்லிவிட்டு மனுஷன் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் அவள் வீட்டில் இல்லை. விமானத்தில் இருந்தாள்.

“இங்கேன்னா நிமிஷத்துக்கு ஒருதரமாவது பாப்பீங்கல்ல?” என்றாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் பார்த்தார்.

சிக்கல் என்னவென்றால், எங்கே பறந்தாலும் அவள் நாற்பத்திரண்டு அடியே காட்டினாள். அது அவர்கள் வீட்டு நாலாவது மாடி பால்கனியின் உயரம்.

“என் பக்கத்து மீட்டர் முப்பத்தெட்டாயிரம் காட்டுது கேப்டன்” என்றாள் துணை விமானி நஸீமா. “ரெண்டும் ஒத்துப்போகணும். திருச்சியில இறங்கினதும் எஞ்சினியர் இதைக் கழட்டிருவார்.”

“கழட்டி?”

“குப்பையில போடுவார்.”

தயாளன் முன்னால் குனிந்தார். கண்ணாடியை விரலால் தட்டினார்.

“கோதை, சரியா காட்டும்மா.”

“சரியாத்தான் காட்டுறேன். நம்ம வீடு அங்கதான இருக்கு?”

“நாம முப்பத்தெட்டாயிரத்துல இருக்கோம்மா.”

“நாம இல்ல. நீங்க.”

“எனக்காகக் காட்டேன்.”

“காட்டினா அப்புறம் பேச முடியாதுங்க.”

“பரவால்ல. நீ கூட இருந்தா போதும்” என்றார் அவசரமாக.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு முள் ஏறத் தொடங்கியது. முப்பத்தெட்டாயிரத்தில் வந்து நின்றது.

“ஒத்துப்போகுது கேப்டன்” என்றாள் நஸீமா.

திருச்சியில் எஞ்சினியர் டார்ச் அடித்துப் பார்த்தார். “அருமையான பீஸ் சார். இன்னும் இருபது வருஷம் உழைக்கும்” என்று ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். தயாளன் வாய்விட்டு அழுதார். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், இத்தனை வருடத்தில் ஒருதரம்கூடக் கேட்காததைக் கேட்டார்.

“கோதை, சாப்பிட்டியா?”

கடல் மட்டத்திலிருந்து திருச்சி ஓடுதளத்தின் உயரம் இருநூற்று எண்பத்தெட்டு அடி. முள் இருநூற்று எண்பத்தெட்டு காட்டியது.