மேட்டை நான் ஏறினேனா?

"சொல்லாம எப்படிக்கா? வண்டியில உட்கார்ந்ததுமே அவருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியாது. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுற மனுஷன்."

"தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாரு. உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"திட்டினா வாங்கிக்கோ. கரைஞ்சா போயிடுவே?"

இன்று காலை லாட்ஜ் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டது இது. வெளியே என் மனைவியும் அவள் தம்பியும். நான் கதவைத் திறந்ததும் இருவரும் கப்சிப். மச்சான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா. ஃபேன் சத்தம் போடுது."

மின்விசிறி ஓடவே இல்லை. ஏதோ அக்கா தம்பி விஷயம் என்று விட்டுவிட்டேன்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவன், வயது ஐம்பத்திரண்டு. போன வருடம் இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னபிறகுதான் மூவருமாக ஆறு நாள் பயணம் கிளம்பினோம். இன்று மூன்றாவது நாள். என் வண்டியில் முன்னால் இரண்டு பை, பின்னால் இரண்டு பை, மொத்தம் இருபத்திரண்டு கிலோ. தொங்கு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து நானே கட்டியது. கொஞ்சம் என்னிடம் கொடுங்கள் என்று மனைவி கேட்டாள், நான் மறுத்தேன். கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம். மூன்றாம் நாள் பதினொரு கிலோமீட்டர் மேடு வரும். என் சுமையோடு, நடுவில் இறங்காமல் நான் ஏறிவிட்டால் பயணம் தொடரும். முடியாவிட்டால் அடுத்த ஊரில் சைக்கிள்களை பஸ்ஸில் ஏற்றி மூவரும் வீட்டுக்கு. அதன்பிறகு என் சுமையை நானே தூக்குவேன் என்ற பேச்சையே வாழ்நாளில் எடுக்கக்கூடாது.

அதிசயமாக இன்று பைகளை மச்சானே மாட்டிவைத்திருந்தான்.

எதிர்க்காற்று, கொளுத்தும் வெயில். மேடு ஆரம்பித்ததும் இருப்பதிலேயே லேசான கியருக்கு வந்துவிட்டேன். மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. முன்சக்கரம் நேராகப் போகாமல் அங்கும் இங்கும் அலைந்தது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து, பிடியை இறுக்கிக்கொண்டு ஏறினேன். இறங்கவில்லை. ஒரு தடவைகூட இறங்கவில்லை.

உச்சியில் இருபது நிமிடம் காத்திருந்தேன். முதலில் மச்சான் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தான். அவனுக்கும் பின்னால் மனைவி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள்.

"என்னம்மா, சைக்கிளுக்கு நடை பழக்குறியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை.

அந்தப்பக்கம் சரிவு. வேகம் பிடித்ததும் ஹேண்டில்பார் குளிர்ஜுரம் வந்தமாதிரி உதற ஆரம்பித்தது. இரண்டு முட்டியையும் சைக்கிள் கம்பியோடு அழுத்திக்கொண்டு, பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். அச்சு தளர்ந்திருக்கும் என்று பார்க்க முன்பையைக் கழற்றினேன். இரண்டு கை போட்டுத் தூக்கும் பை ஒரு விரலோடு வந்தது.

திறந்தால் உள்ளே என் மழைக்கோட்டு, நாலு காலி பாட்டில். அடுப்பு இல்லை, பூட்டு இல்லை, ஸ்பானர் செட் இல்லை. பாரம் எல்லாம் பின்னாலேயே இருந்தால் முன்பக்கம் ஆடத்தானே செய்யும்?

இருவரும் வந்து நின்றார்கள்.

"எப்போ எடுத்தீங்க?"

"நீங்க பல் தேய்க்கப் போனப்போ," என்றான் மச்சான். "ஒம்பது கிலோ, மாமா."

"எட்டரை," என்றாள் மனைவி.

"என் சுமையோடன்னுதானே பேச்சு?"

"இறங்காம ஏறினீங்களா இல்லையா? மிச்சம் பதிமூணரை கிலோ யாரோடதாம், பக்கத்து வீட்டுக்காரரோடதா?"

"நான் விழுந்திருந்தா?"

அவள் முகம் மாறிவிட்டது. "அது தெரியாதுங்க," என்றாள். "பாரம் குறைஞ்சா வண்டி ஆடும்னு யாருக்குத் தெரியும்? உங்க நெஞ்சை மட்டும்தான் நினைச்சேன்."

என் பூட்டையும் அடுப்பையும் தன் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவளைத்தானே கிண்டல் செய்தேன்? கோபமா வெட்கமா என்று இப்போதுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாமான்களை வாங்கிப் பழையபடி அடுக்கினேன். வண்டி ஆடாமல் இறங்கியது.

இப்போது சாயங்காலம் ஆறு மணி, அடுத்த ஊரில் அறை எடுத்திருக்கிறோம். நாளை காலை ஏழு மணிக்கு பஸ். பேச்சுப்படி பார்த்தால் நான் தோற்றுவிட்டேன், கிளம்ப வேண்டும். ஆனால் நான் தோற்கவும் இல்லையே, எனக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. தொடரலாம் என்கிறாள் மனைவி. தொடர்ந்தால், நான் முழுச்சுமையோடு ஏறியிருப்பேனா என்ற கேள்வி கூடவே வரும். திரும்பிப் போய் மறுபடி ஏறட்டுமா என்று கேட்டேன். "முதல்ல என் முட்டிய வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டு ஏறுங்க மாமா," என்கிறான் மச்சான்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சுமையோடு சைக்கிள் ஓட்டியவர்களும், இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டவர்களும் சொல்லுங்கள். நான் அந்த மேட்டை ஏறினேனா, இல்லையா? பஸ்ஸா, சைக்கிளா? ஏழு மணிக்குள் பதில் போடுங்கள்.