படாளம் சிலுவையின் பதினொரு கோலிகள்

அஸ்வத் கேளம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தான். பகலெல்லாம் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை. மிச்ச நேரம் முழுக்கக் கோலிக்குண்டு. கடையில் பாக்கெட்டில் தொங்குகிற கோலி இல்லை; நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கண்ணாடிக் கோலி. கம்பெனி அவனை ஒஹாயோவுக்கு அனுப்பியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பச்சைக் கண்ணாடிக்குள் செங்கல் நிறம் சுழன்று கிடந்த ஒன்றை வாங்கினான். யார் செய்தது என்று கேட்டான். "இந்தப் பக்கம்தான், ஆக்ரன் டவுன்" என்று சொல்லிவிட்டு விற்றவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் ஊர் திரும்பியும் தெளியவில்லை.

அந்தக் காலத்துக் கோலிகளில் பேர் கிடையாது, முத்திரை கிடையாது. தழும்புதான் சாட்சி. கையால் செய்த காலத்தில், உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியின் நுனியில் எடுத்து உருட்டி, கடைசியில் ஒடிப்பார்கள். ஒடித்த இடத்தில் தழும்பு நிற்கும். ஜெர்மனியிலிருந்து வந்த கோலிகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தழும்பு இருக்கும். ஒரே பக்கம் இருந்தால் ஆக்ரன் பக்கத்து ஆரம்பகாலப் பட்டறையாக இருக்கலாம் என்பார்கள். பிறகு டென்மார்க்கிலிருந்து குடியேறிய மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் ஆக்ரனில் மெஷின் வைத்தார். அந்தக் கோலிகளின் தலையில் ஒன்பது போட்டது போல ஒரு சுழியும், அடியில் வெட்டுக்கோடும் இருக்கும். ஆக, அடியைப் பார்க்காமல் எந்தக் கோலிக்கும் அப்பன் பேர் சொல்ல முடியாது.

ஆபீசில் அவன் மேஜைமேல் இருந்த பச்சைக் கோலியை ஒருநாள் ஷாரோன் கையில் எடுத்தாள். அவனோடு அதே டீமில் வேலை பார்க்கிறவள். சொந்த ஊர் படாளம்.

"இதே மாரி எங்க சர்ச்சு செவுத்துல கீது, அஸ்வத்."

"கோலியா? செவுத்துலயா?"

"வாசலுக்கு மேல சிலுவை மாரி பதிச்சி வச்சிகிறாங்க. அடுத்த வாரம் சர்ச்ச இடிச்சிட்டுப் புதுசா கட்டப் போறோம்."

ஃபோனில் ஒரு ஃபோட்டோ காட்டினாள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. மணமக்களுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் பதினொரு கோலிகள். அஸ்வத் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். சிலுவையின் இடது கையில் இருந்த கோலி பச்சை. நடுவே செங்கல் நிறம். அந்தச் சுழி ஒன்பது போலவும் இருந்தது. ஃபோட்டோ கலங்கிப்போய் அப்படித் தெரிவது போலவும் இருந்தது.

சனிக்கிழமை இருவரும் செங்கல்பட்டு வழியாகப் படாளம் போனார்கள். ஷாரோனின் அப்பா ராஜேந்திரன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர், சபைக் கமிட்டிச் செயலாளரும் அவர்தான். ஏணியைச் சாத்தி அவரே பிடித்துக்கொண்டார். அஸ்வத் ஏறி லென்ஸை வைத்துப் பார்த்தான். கோலிகளின் பாதி சுவருக்குள் இருந்தது. தெரிந்த பாதியில் பச்சையின் சுழியை அவன் நாலு தரம் பார்த்தான்.

"இன்னா தம்பி, எதுனா தெரியுதா?"

"அங்கிள், இது அமெரிக்கால செஞ்சதா இருக்கும் போல இருக்கு. கிறிஸ்டென்சன்னு ஒருத்தர். அவரோடதுன்னா ரொம்பப் பெரிய விஷயம்."

"கிறிஸ்டென்சனா? பேர்லயே கிறிஸ்து கீறாரு பாத்தியா!" என்று ராஜேந்திரன் கீழே நின்ற சபைக்காரர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அஸ்வத்தும் சிரித்தான்.

சுவரில் இதைப் பதித்தது யார் என்பதற்கு ஆளுக்கொரு பதில் வந்தது. ராஜேந்திரன், தன் தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கொடுத்தது என்றார். இன்னொருவர், மாமல்லபுரம் கடற்கரையில் கரை ஒதுங்கிய பெட்டியில் கிடைத்தது என்றார். சர்ச் தரையைப் பெருக்கி, பாட்டையும் முன்நின்று பாடும் வேண்டா என்ற பெண்மணி, நாலாவதும் பொண்ணாகப் பிறந்ததால் அந்தப் பேர் வைக்கப்பட்டவர், இரண்டையும் மறுத்தார்.

"டாக்டரம்மாவாம், பெட்டியாம். எங்க மாமியாரு சொல்லும், ரோடு போட வந்த ஆளுங்க பதிச்சாங்கன்னு. யாரு கண்டா."

அஸ்வத் அதையெல்லாம் சரியாகக் காதில் வாங்கவில்லை. கோலியின் மறுபாதியையே நினைத்துக்கொண்டிருந்தான்.

சுவரை இடிப்பதற்கு முன் ராஜேந்திரன் உளியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பச்சைக் கோலியைத் திருப்பிப் பார்த்த அஸ்வத்துக்கு முகம் செத்துவிட்டது. பின்பக்கம் தட்டையாக இருந்தது. சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கட்டும் என்று பதித்தவர்கள் கல்லில் தேய்த்திருக்கிறார்கள். வெட்டுக்கோடு இருந்திருந்தால் அது போய்விட்டது. அடுத்ததும் தட்டை. அதற்கடுத்ததும். நடுவில் இருந்த நீலக் கோலி மட்டும் முழுசாக இருந்தது. அதில் ஒரே ஒரு தழும்பு.

"நீயே எட்துனு போய்ப் பாரு தம்பி. கட்டி முடிச்சதும் குட்த்தா போதும்" என்றார் ராஜேந்திரன்.

கேளம்பாக்கத்தில் அவற்றை வினிகரில் ஊறவைத்துக் கழுவி, எல்லாப் பக்கமும் படமெடுத்து, உலகமெங்கும் இருக்கும் கோலி சேகரிப்பாளர்களின் குழுவில் போட்டான். ஓஹோவென்று பதில் வந்தது. ஒருவர் நீலம் நிச்சயமாக ஆக்ரன் என்றார். இன்னொருவர் ஒற்றைத் தழும்புள்ளவை ஜெர்மனியிலும் உண்டு, இது அதுதான் என்றார். பச்சையில் இருப்பது ஒன்பதே இல்லை, வெறும் சுழி என்றார் மூன்றாமவர். முதலாமவர் இரண்டு நாள் கழித்துத் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். அஸ்வத் தன்னிடமிருந்த கோலியையும் படாளம் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாரக்கணக்கில் பார்த்தான். ஒருநாள் இரண்டும் ஒரே கை வேலை என்று தோன்றும். மறுநாள் பார்த்தால் சம்பந்தமே இல்லை. சந்தைக்காரர் போகிறபோக்கில் சொன்ன ஆக்ரன் மட்டும் உண்மையா என்ற சந்தேகமும் கடைசியில் வந்துவிட்டது.

ஐந்தாறு மாதத்தில் புது சர்ச் எழும்பியது. பிரதிஷ்டை அழைப்பிதழின் படத்தை ஷாரோன் அனுப்பினாள். அஸ்வத் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான். "அமெரிக்க தேசத்துப் பக்தர் கிறிஸ்டென்சன் ஐயா அவர்கள் நம் முன்னோருக்கு அன்புடன் அனுப்பிய கண்ணாடிச் சிலுவை மீண்டும் நிறுவப்படும்" என்று இருந்தது.

உடனே ஷாரோனைக் கூப்பிட்டான். "அவர் பக்தரான்னே எனக்குத் தெரியாது. அவர் கோலி மெஷின் வச்சவர். உங்க ஊருக்கு எதையும் அனுப்பல."

"நீதான சொன்ன, அமெரிக்கான்னு?"

"இருக்கும் போலன்னு சொன்னேன்."

"எங்க ஊர்ல 'போல'வெல்லாம் யாரு காதுலயும் வுழாது அஸ்வத். அப்பா கருங்குழி, மதுராந்தகம் எல்லாம் போய் இன்விடேசன் குட்த்துட்டாரு. நீயே வந்து சொல்லிக்க."

அவளுக்குக் கோபமா, அல்லது சிரிப்பா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரதிஷ்டை அன்று சாமியானா கொள்ளாத கூட்டம். கோலிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போன அஸ்வத், ராஜேந்திரனைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னான். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப அமெரிக்கா இல்லியா?"

"அமெரிக்காவா இருக்கலாம் அங்கிள். ஜெர்மனியாவும் இருக்கலாம். பின்பக்கம் தேஞ்சி போனதால இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"நீ படிச்ச புள்ள. ஒன்னு ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு. ரெண்டும் இல்லன்னா நான் இன்னாத்த போய்ச் சொல்றது?"

அவர் சொல்ல மறுத்துவிட்டார். அஸ்வத்தே மைக் முன்னால் போய் நின்றான். கிறிஸ்டென்சன் யார் என்று சொன்னான். கோலி யார் செய்தது என்று தெரியவில்லை, எப்படி இங்கே வந்தது என்றும் தெரியவில்லை, அழைப்பிதழில் வந்தது தன் அவசரப் பேச்சால் வந்த தப்பு என்றான். பின்வரிசையில் யாரோ, "அப்ப வெள்ளக்காரன் குட்க்கலியா?" என்றார். இன்னொருவர், "யாரு குட்த்தா இன்னா, சிலுவ சிலுவதான்" என்றார். அதற்கு ஒருவர் ஆட்சேபம் சொல்ல, கொஞ்ச நேரம் கூட்டமே தங்களுக்குள் பேசிக்கொண்டது. வேண்டா எழுந்தார்.

"தெரியலன்னு சொல்றதுக்கா ஆறு மாசம் வச்சினு இருந்த?"

சாமியானா முழுக்கச் சிரிப்பு. அஸ்வத்துக்குக் காது சுட்டது. அவர் விடவில்லை.

"கோலிய செஞ்சவன் எந்த ஊரானா இருந்துட்டுப் போறான். இங்க ஏணி வச்சி ஏறிப் பதிச்சான் பாரு, அவன் யாருன்னு எதுனா விசாரிச்சியா?"

விசாரிக்கவில்லை. முதல்நாளே மூன்று பேர் அவனிடம் அதைப் பற்றிச் சொன்னார்கள். அவன் கோலியின் மறுபாதியை நினைத்துக்கொண்டிருந்தான். கடற்கரை என்றது யார்? அந்த முகத்தைக் கூட்டத்தில் தேடினான். நினைவுக்கு வரவில்லை.

போதகர் ஜெபம் செய்தார். கொத்தனார் ஈரக் கலவையில் பழைய ஃபோட்டோவைப் பார்த்துக் கோலிகளை ஒவ்வொன்றாக அமுக்கினார். நீலத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். தழும்பு வெளியே தெரிந்தால் அசிங்கம். உள்ளே போனால் அந்த ஒரு சாட்சியும் போய்விடும். எல்லாரும் அஸ்வத்தைப் பார்த்தார்கள். அவன் நீலக் கோலியையே பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருந்து பார்த்த கொத்தனார், தழும்பை உள்ளே தள்ளிக் கரண்டியால் தடவிவிட்டார். அந்தச் சாட்சியும் போனது அவனுக்கு வருத்தமாக இருந்தது. கூடவே ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. எது நிஜம் என்று அவனுக்கே புரியவில்லை.

பந்தியில் ராஜேந்திரன் அவன் பக்கமே வரவில்லை. சொந்தக்காரர்கள் யாரோ அவரைக் கிண்டல் செய்வது தூரத்திலிருந்து தெரிந்தது. அஸ்வத் சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தபோது அவரே பிரியாணித் தட்டோடு வந்தார்.

"துன்னுட்டுப் போ."

"மன்னிச்சிடுங்க அங்கிள்."

"எனக்கு இன்னும் அமெரிக்கான்னுதான் தோணுது" என்று சொல்லிவிட்டு, அவன் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆபீசில் ஷாரோன் அவன் மேஜைக்கு வந்தாள்.

"அப்பா கேக்க சொன்னாரு. கருங்குழில ஒரு பழைய வூட்டுல, வெளக்கு வைக்கிற மாடப்புரைல கோலி பதிச்சிகிறாங்களாம். விழாவுக்கு வந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க. வந்து பாப்பியாம்."

"எதுக்கு? மறுபடியும் எனக்குத் தெரியலன்னுதானே சொல்லப் போறேன்."

"அதத்தான் அவரும் சொன்னாரு. அந்தத் தெரியலன்னு சொல்ற புள்ளய இட்டுனு வான்னு."

அஸ்வத் மேஜைமேல் இருந்த பச்சைக் கோலியை ஓரமாக நகர்த்தினான். பிறகு, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். மாடப்புரையைக் கட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டான்.