இருபத்தேழாம் நம்பர்

ஆம்பூரில் ஒரு நிக்காஹுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை கடைக்குள் நுழைந்த ரூபீனாவை, பையைக்கூட வைக்கவிடாமல் மேனேஜர் முருகையன் மறித்தார். முதலாளி கூப்பிடுகிறார் என்றார். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அது அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

தேரடித் தெருவுக்குப் பின்னால் மூன்று மாடி ஜவுளிக்கடை அது. விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். துணியைக் காட்டி விற்றவர், சீட்டில் தன் நம்பரை எழுதி பில் போடும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் எந்த நம்பரில் எவ்வளவு போனது என்று பட்டியல் ஒட்டுவார்கள். ரூபீனா இருபத்தேழு. பட்டியலில் அவளைத் தேட வேண்டியதில்லை. கடைசிக்கு முந்தின வரியைப் பார்த்தால் போதும்.

அவளுக்கு விற்கத் தெரியாமல் இல்லை. சுடிதார் பக்கம் அவள் நின்றால் வந்தவர் வெறுங்கையோடு போகமாட்டார். ஆனால் நிற்கமாட்டாள். பக்கத்துப் பட்டுப் பிரிவில் கல்யாண கோஷ்டி ஒன்று உட்கார்ந்து நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போகும். முட்டிவலியோடு பச்சையம்மாள் அந்தக் குவியலைப் பார்க்கும் பார்வையை ரூபீனாவால் பார்க்க முடியாது. போய் மடிப்பாள். கவுன் பிரிவு வினோதினிக்குக் குழந்தையின் பள்ளியிலிருந்து போன் வந்தால் அவள் இடத்தில் நிற்பாள். வேட்டிப் பிரிவுக்குப் புதிதாக வந்த ராஜா எட்டு முழத்தையும் நாலு முழத்தையும் மாற்றிக் கொடுத்து ஒரு மாப்பிள்ளையின் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குக் கரை வகைகளைச் சொல்லிக் கொடுத்தாள். திரும்பி வருவதற்குள் சுடிதாருக்கு வந்தவர்களை வேறு யாராவது கவனித்து அனுப்பியிருப்பார்கள்.

முதல் மாடி இன்சார்ஜ் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அந்த வேலை தனக்குக் கிடைக்க வேண்டும் என்று ரூபீனா விரும்பினாள். விருப்பத்தை யாரிடமும் மறைக்கவும் இல்லை. நம்பரைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று முருகையன் சொன்னபோது மட்டும் பச்சையம்மாளின் குவியலை மடிக்கப் போய்விட்டாள்.

முதலாளி அப்பாதுரை கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார்.

"ஏம்மா, நேத்து எங்க இருந்த?"

"ஆம்பூர்ல சார். லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனேன்."

"அப்படியா? பட்டுல பதினோரு புடவை. வேட்டி ஒம்போது. கொழந்தைங்க கவுன் ஏழு. ஆம்பளைங்க ஜட்டி ஒரு டஜன். எல்லாம் இருபத்தேழு. ஆம்பூர்ல இருந்துக்கிட்டே வித்தியா?"

ரூபீனாவுக்கு அந்த ஜட்டியைக் கேட்டதும் காது சூடாகிவிட்டது. பிறகுதான் மற்றது உறைத்தது.

"கூட்டு சேர்ந்து நம்பர மாத்தறாங்க சார்," என்றார் முருகையன். "போன வருஷம் இதே வேலை பண்ணவன வீட்டுக்கு அனுப்பினோம்."

"எனக்கு ஒன்னும் தெரியாது சார். அல்லா சத்தியமா." இன்சார்ஜ் வேலை போகட்டும், இருக்கிற வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது?

அப்பாதுரை அந்தப் பிரிவுகளில் நின்றவர்களை வரவழைத்தார். முதலில் ராஜா.

"நான்தான் சார். ஒன்னு ரெண்டு போட்டேன்."

"ஒம்போதுடா."

"அப்போ ஒம்போது சார். அக்காதான் எனக்கு வேலை கத்துக் குடுத்தாங்க. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, அவங்க நம்பர்ல ஒன்னுமே இல்லாம போச்சுன்னா..."

"ஜட்டியும் நீதானா?"

ராஜா தரையைப் பார்த்தான். "அது கடைசியா வந்தது சார். விட மனசு வரல."

வினோதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கவுன் ஏழும் தன்னுடையது என்றாள். பச்சையம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"எம் முட்டி போனதுல இருந்து இவதான் மடிக்கிறா. நான் பதினோரு பொடவை வித்தேன்னா, பாதி இவ வித்தது. அதான் போட்டேன். திட்டறதுன்னா ஒக்கார வெச்சித் திட்டுங்க சார், நிக்க முடியல."

"முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தான் மட்டும் செய்வதாக ஒவ்வொருவரும் நினைத்ததால்தான் கணக்கு இப்படி வீங்கிவிட்டது.

"யோவ் முருகையா, என் நம்பர்ல ஒன்னு கொறையுதுன்னு சண்டைக்கு வந்தவன பாத்திருக்கேன். இந்த மாதிரி பாத்ததில்ல." அப்பாதுரை கண்ணாடியை இறக்கினார். "இனிமே எவனாவது நம்பர மாத்தினா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன். போங்க. நீ இரும்மா."

ரூபீனா நின்றாள்.

"ஒரு மாசம் இன்சார்ஜா நில்லு. இன்சார்ஜுக்கு நம்பர் கெடையாது. மாடியில வித்தாலும் உன் பேரு, விக்கலன்னாலும் உன் பேரு. ஒத்து வந்தா பாக்கலாம். வரலன்னா திரும்ப சுடிதார்."

"ஒரு மாசம்தான்," என்றார் முருகையன், தன் பங்குக்கு.

முதல் மாடிக்கு இறங்கி வந்தாள். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எல்லாப் பிரிவும் அவளுடையது, எதுவும் அவளுடையதில்லை. பச்சையம்மாள் ஸ்டூலில் இருந்தபடியே, "மேடம், டீ சொல்லட்டா?" என்று கேட்டாள். ராஜா விசிலடித்தான். அப்போது கீழே ஒரே சத்தம். போன வாரம் போட்ட எஸ்கலேட்டரின் அடியில் கீழ்பென்னாத்தூர்க் கல்யாண கோஷ்டி ஒன்று தேங்கி நின்றது. முன்னால் பெண்ணின் அம்மா. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். வலது காலைத் தூக்குவதும், படி ஓடிவிட, இறக்குவதுமாக இருந்தாள். "ஏறும்மா, முகூர்த்தமே முடிஞ்சிடும்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

ரூபீனா சாதாரணப் படிகளில் இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"கீழ பாக்காதீங்கம்மா. என்னப் பாருங்க."

"உழுந்துட்டா?"

"ரெண்டு பேரும் சேந்து உழலாம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். விரல்களை இறுக்கிக்கொண்டாள். பின்னால் பன்னிரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, இரண்டு பேரும் ஒன்றாக வலது காலைத் தூக்கினார்கள்.