சிங்கிள் ஓனர் வண்டி

கண்ணாடிக்காரர் வீட்டில் கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. புதுசா பழசா என்பதில்தான் இழுபறி. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவள். தங்கை புருஷன் புதுக் கார் எடுத்து, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் ஊரெல்லாம் ஓட்டிக் காட்டியதிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல்.

“யாரோ கழிச்சுக் கட்டினதை நாம ஏன் தலையில கட்டிக்கணும்?”

“ஷோரூம் வாசலைத் தாண்டினா புதுசும் பழசுதான்.”

“நல்லா ஓடுற வண்டியை எவன் விப்பான்? நீங்களே சொல்லுங்க.”

போன மாதம் அவர் நம்பி அழைத்துப்போய்க் காட்டிய பழைய வண்டியில், கால்மிதியைத் தூக்கினால் துரு அரித்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. “காத்தோட்டமா இருக்கும்” என்று அவள் அந்தத் தரகரிடமே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றோடு அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனால் புதுக் கார் என்றால் கடன், கடன் என்றால் அவருக்கு ஆகாது. கடையை வைத்து ஒரு தடவை கடன் வாங்கிப் பட்டது போதும் போதும் என்றிருந்தது.

கடைசியில் அவளே ஒரு வழி விட்டாள். “தெரிஞ்சவங்க வண்டி, சிங்கிள் ஓனர், பார்த்துப் பார்த்து ஓட்டினதுன்னா சொல்லுங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை நேரா ஷோரூம்தான்.”

அப்படி ஒரு வண்டி அவருக்குத் தெரியும். அச்சகக்காரருடையது. அச்சகத்தை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் பெரியவர், தன் சின்னக் காரை இவர் கடை வாசலில் நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறாரோ இல்லையோ, கார்க் கதவைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு கீறல் கிடையாது. பல வருடமாகவே அதன்மேல் கண்ணாடிக்காரருக்கு ஒரு கண். ஆனால் அச்சகக்காரர் அதை விற்பதாவது! சொத்தை எழுதிக்கொடுத்தாலும் கொடுப்பார்.

அந்த வாரமே அச்சகக்காரர் வந்து நின்றது யார் செய்த வேலையோ தெரியவில்லை.

“தம்பி, கண்ணாடி பத்தல. எதிர்ல வர வண்டி லைட்டெல்லாம் பூவாட்டம் விரியுது. பவரைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க.”

உள்ளறையில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார் கண்ணாடிக்காரர். எதைப் போட்டாலும் மூன்றாவது வரிக்குக் கீழே பெரியவர் தடுமாறினார். பொடி எழுத்தில் பிழை கண்டுபிடித்தே வாழ்ந்த மனிதர், பெரிய எழுத்தை ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டார்ச்சை அடித்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் புரை படர்ந்திருந்தது. இது பவரை ஏற்றினால் தீராது. ஆபரேஷன் செய்தால் தீரும். கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தவனுக்குக்கூட இது தெரியும். இப்படிப்பட்டவர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “புரைதான், பயப்படாதீங்க, டாக்டர்கிட்ட போய் எடுத்துட்டு வாங்க, அப்புறம் கண்ணாடி போடலாம்.” சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாக்கியம்.

அன்று அது வரவில்லை. “இனிமே நீங்க வண்டி ஓட்டறது நல்லதில்ல அண்ணே” என்றுதான் வந்தது.

பெரியவர் கையிலிருந்த பழைய கண்ணாடியை மடக்கினார். “சரியாகாதா தம்பி?”

“வயசாகுதில்ல?”

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத பதில். வயது ஆகத்தானே செய்கிறது? ஓட்டக்கூடாது என்றதும் உண்மைதானே? அப்படித்தான் கண்ணாடிக்காரர் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டார். அயோக்கியத்தனம் பண்ணும்போது மனுஷனுக்கு வருகிற கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே, அது வேறு எதிலும் வருவதில்லை.

“அப்ப அதை நிறுத்திவச்சு என்ன பண்றது” என்றார் பெரியவர், வாசல் பக்கம் திரும்பி. “கண்ட கையில குடுக்கவும் மனசு வராதே.”

“வெளியில எதுக்குண்ணே? நாங்களே வண்டி பார்த்துட்டிருக்கோம்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு ஆசையாக ஒலித்தது என்று அவருக்கே கேட்டது. பெரியவர் மறுக்கவில்லை. கண்ணாடிக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டி, “உங்ககிட்ட இருந்தா எனக்குக் கவலையில்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்று பெரியவரையும் வண்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோக அவருடைய மகன் வந்தான்.

“அவருக்கு இனிமே பார்வை தேறாதாம், பாவம்” என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார் கண்ணாடிக்காரர். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கண் விஷயத்தில் அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த நம்பிக்கை அவருக்குச் சோற்றில் கல் மாதிரி இருந்தது. சாவி கைக்கு வந்ததும் நாமே பெரியவரை டாக்டரிடம் அழைத்துப்போய்விடலாம், செலவைக்கூட நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று தாராளமாக நினைத்துப் பார்த்தார். கல் கரையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். திரும்பும்போது அவர் காரில், அவள் ஸ்கூட்டரில் என்று திட்டம். பெரியவர் வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அதன்மேல் கையை வைத்துக்கொண்டே ஒரு சுற்று வந்து காட்டினார்.

“பின்கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்மா. அடிச்சுச் சாத்துனா கோவிச்சுக்கும். காலையில எடுத்த உடனே விரட்டாதீங்க.”

“பொண்ணைக் கட்டிக்குடுக்கிற மாதிரியில்ல சொல்றீங்க!” என்று சிரித்தாள் அவள். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள். கீழே தகடு பளபளவென்று இருந்தது. புருஷனைப் பார்த்து, பரவாயில்லையே என்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்தினாள். மாதக்கணக்கில் அவர் ஏங்கிய பார்வை அது. வாங்கிக்கொள்ள முடியாமல் அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டீ வந்தது. பெரியவர் தடவித்தான் டம்ளரை எடுத்தார்.

“நேத்து மருமக விடாப்பிடியா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டா தம்பி. புரையாம். எடுத்துட்டா பழையபடி ஆயிடும்னுட்டார்.”

வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கண்ணாடிக்காரர் இறக்கினார்.

“இவ்வளவு முத்த விட்டிருக்கீங்களே, கண்ணாடிக் கடையில பார்த்துச் சொல்லலையான்னு சத்தம் போட்டார். கண்ணாடிக்காரத் தம்பி அன்னிக்கே சொல்லிட்டார் டாக்டர், நான்தான் சோம்பல்பட்டு இருந்துட்டேன்னு சொன்னேன்.” பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். “வேற என்னத்தைச் சொல்றது?”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கண்ணாடிக்காரர் பிழைத்திருப்பார். நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். தன் மானத்தை அந்த மனிதர் டாக்டருக்கு முன்னால் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் அவரைக் கூசவைத்தது. பக்கத்தில் மனைவி டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தாள். குடிக்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கு நான் வந்து...”

“டீ ஆறுது தம்பி, குடிங்க.”

“வண்டி வேணாம்ண்ணே. கண்ணு சரியானதும் நீங்களே ஓட்டுங்க.”

“வாக்கு குடுத்தது குடுத்ததுதான். நான் மாறமாட்டேன்.”

“வேணாம்ண்ணே.”

பெரியவர் வற்புறுத்தவில்லை. கண்ணாடிக்காரர் முகம் இருந்த திசையில் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ. “சரி, உங்க இஷ்டம்” என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, “ஆபரேஷன் முடிஞ்சதும் கண்ணாடி உங்ககிட்டதான் போடுவேன்” என்று சொல்லி, அதே மாதிரி கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், திருப்பிப் பிடிக்கவும் துணிவில்லாமல் நின்றார் கண்ணாடிக்காரர்.

ஸ்கூட்டரை அவர் எடுத்தார். அவள் பின்னால் உட்கார்ந்து, எப்போதும்போல அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஷோரூம் இருந்த தெரு வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். போகச் சொன்னால் இப்போது எந்தக் கடனிலும் விழத் தயாராக இருந்தார். புதுசா பழசா என்ற பேச்சே அவளிடம் இல்லை. சிக்னலில் நின்றபோதுதான் கேட்டாள்.

“டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“தெரிஞ்சுதா?”

சுற்றி நின்ற வண்டிகளின் இரைச்சலில், கேட்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம்.

“தெரிஞ்சுது” என்றார்.

பச்சை விழுந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். அவள் அவர் தோளிலிருந்து கையை எடுத்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.